ஹெட்போனில் அவள் குரல்

எங்கள் வீட்டில் சத்தம் கேட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள், முதலாளி. வேண்டுமானால் மாடி வீட்டுக்காரரை விசாரித்துப் பாருங்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மனைவியிடம் நான் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. கத்தினால் தொண்டை என்ன பாடுபடும் என்று ஒலிப்பதிவாளனுக்குத் தெரியாதா?

அவள் உங்கள் ஸ்டூடியோவின் ராசியான டப்பிங் குரல். கதாநாயகிகள் வாயசைப்பார்கள், தேன் இவள் தொண்டையிலிருந்து ஒழுகும். மைக் முன்னால் மட்டுமல்ல. டைரக்டரிடம், டிரைவரிடம், தப்பான நம்பருக்கு அழைத்தவனிடம்கூட அதே மணிக்குரல்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றி வைத்துவிடுவாள். என்னிடம் வருவதெல்லாம் அடித்தொண்டைக் கரகரப்பு. "ம்... சாப்டாச்சா... தூங்கலாமா..." குரல்நாண்கள் தளர்ந்து, காற்றும் போதாமல், தாறுமாறாகத் தட்டிக்கொள்ளும்போது வரும் சத்தம் அது. தகர டப்பாவில் காய்ந்த பட்டாணியை உருட்டுவது போலிருக்கும். தெருவில் போகிறவனுக்கு மணி, கட்டியவனுக்குப் பட்டாணி. வயிறு எரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

"என்கிட்டயும் கொஞ்சம் நல்லாப் பேசேன்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நல்லாத்தானே பேசுறேன்" என்றாள், அதே பட்டாணியில்.

அதன் பிறகுதான் என் மேசையில் இருக்கும், அவள் ஹெட்போன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் கை வைத்தேன். மைக்கில் பதிவாகும் அளவை நான் தொடவில்லை. உங்கள் படங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அவள் காதுக்குத் திரும்பிப் போகும் அவள் குரலை மட்டும் கொஞ்சம் இறக்கினேன். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் எவரும் தன்னை அறியாமல் குரலை ஏற்றுவார்கள். சந்தை நடுவே போன் பேசுகிறவனைப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவளும் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"என்னங்க, என் குரல் எனக்கே தூரத்துல கேக்குதே?"

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. நீதான் அழுத்திப் பேசணும்."

"சரிங்க" என்றாள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

பெண் குரலில் அந்த இரண்டு நாண்களும் வினாடிக்கு இருநூறு தடவை மோதிக்கொள்ளும். இதமாக மோதினால் ஆயுளுக்கும் தாங்கும். அவளுடையவை ஒன்றையொன்று அறைந்துகொண்டிருந்தன. மாலையானால் குரல் கம்முவதைக் கேட்டேன். மேல் சுருதிக்குப் போகும்போது காற்று கசிவதைக் கேட்டேன். உங்கள் ஸ்டூடியோவில் என்னைவிட நல்ல காது யாருக்கு இருக்கிறது?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அலறும் காட்சி வந்தது. குமிழைக் கிட்டத்தட்ட அடிவரை இறக்கினேன். முதல் டேக்கே போதும் என்றார் டைரக்டர். "ஒன் மோர்" கேட்டது நான். மறுபடி கேட்டதும் நான். நடு அலறலில் குரல் அறுந்தது. நாணில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. புண் ஆறினாலும் தழும்பு விழுந்து விறைத்துவிட்டது, இனி இரண்டு விளிம்பும் சரியாக ஒட்டாது என்றார் டாக்டர்.

வீட்டிலும் அழுத்தித்தான் பேசுவீர்களா என்று அவளைக் கேட்டார்.

"வீட்லதான் டாக்டர் என் தொண்டைக்கு ரெஸ்ட்டே. இவர்கிட்ட மட்டும்தான் குரலை மாத்தி நடிக்க வேண்டியதில்ல."

மிச்சமிருந்த குரலில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பேசித்தானே பிழைத்தாள்?

அவள் இடத்துக்கு வந்த புதுப்பெண் உட்கார்ந்த கையோடு ஹெட்போனைக் கழற்றி, "சார், என் குரலே கேக்கல" என்றாள். நீங்கள் வந்து குமிழைப் பார்த்தீர்கள். ஏற்றி வைக்க மறந்தது என் கவனக்குறைவு. ஆமாம், இறக்கியது நான்தான். தெரிந்தே இறக்கினேன். அந்த மணிக்குரல் எவனுக்கும் கிடைக்கக் கூடாது என்றே செய்தேன்.

ஆனால் நீங்கள் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். அந்த உடைந்த குரலிலேயே அக்காவிடம் நாளெல்லாம் பேசுகிறாளாம். நான் போன் செய்தால் எடுக்கிறாள். மூச்சு கேட்கிறது, பேச்சில்லை. கட்டியவனுக்கு அந்தப் பட்டாணிகூட இல்லையாம். நீங்களே சொல்லுங்கள் முதலாளி, யாருக்குத்தான் கோபம் வராது?