வாத்து என் கைக்கு வந்தபோது

"ஏங்க, எனக்கு ஒண்ணு..."

"தலைவலி மாத்திரைதானே? அலமாரியில இருக்கு பாரு."

"இல்லைங்க, ராத்திரியில..."

"ராத்திரிக்கு மத்தியானம் மீந்ததே போதும். நீ புதுசா எதுவும் செய்ய வேணாம்."

கல்யாணமான புதிதில் எனக்கும் என் கணவருக்கும் நடந்த பேச்சு இது. நான் கேட்க வந்தது மிகச் சின்ன விஷயம். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எங்கள் மகள் வளர்ந்து வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். நான் இன்னும் கேட்டபாடில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. தங்கமான மனிதர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பலகையில் உள்ள எழுத்துகளை வாடிக்கையாளர் படிக்க வாயெடுப்பதற்குள் இவரே கடகடவென்று படித்துவிட்டு, "சரிதானே?" என்பார். அவர்களும் தலையாட்டுவார்கள். எங்கள் பகுதியில் பாதிப் பேர் தெரியாதவர்களை நிறுத்தி நலம் விசாரிப்பது அதனால்தான். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அடுத்தவருக்கு எதற்கு வாய் வலிக்க வேண்டும் என்று நினைப்பவர்.

நெட்டையன் என்ற பையன் என் சைக்கிளை எடுத்துப்போய் சாக்கடையில் இறக்கினானே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல், பாதிக்கப்பட்டவரோடு உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம். அதை நடத்தும் மத்தியஸ்தர் அம்மா வீட்டுக்கு வந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நூலகத்தின் பின்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மத்தியஸ்தர் அம்மாவின் மடியில் ஒரு மர வாத்து. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

வாத்து என் கைக்கு வந்தது. சைக்கிளில் தொடங்கினேன். நாத்தனார் திருப்பித் தராத இட்லித் தட்டைக்கூட விடாமல், பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் என்னைச் சேர்க்காமல் விட்டது வரைக்கும் போனேன். ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. நெட்டையன் அழுதான். அவன் அம்மா அழுதார். அவன் அப்பா பேச வாயைத் திறந்தார், வாத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்த அழகை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ரொம்ப..." என்றேன்.

"போரடிச்சிருக்கும்," என்றார் கணவர்.

மறுநாள் சைக்கிளைப் பூட்டாமல் வாசலில் விட்டேன். இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. என் சைக்கிள், என் பூட்டு.

யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தருகே பூந்தொட்டிகளை வைத்தேன். நன்றாகக் குறிபார்க்கத் தெரியாத பிள்ளைகள். தொட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடைசியில் கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே வைக்க வேண்டியதாயிற்று. வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்தில் பெயின்ட் டப்பாவும் பிரஷும் வைத்தேன். ஒரு பையன் என் கணவரை வரைந்துவிட்டுப் போனான். மூக்கு அப்படியே இருந்தது.

ஒவ்வொரு முறையும் வட்டம், ஒவ்வொரு முறையும் வாத்து. பிள்ளைகளும் திருந்தினார்கள். நெட்டையன் இப்போது சைக்கிள் கடையில் இருக்கிறான். சுவரில் வரைந்தவன் பெயர்ப்பலகை எழுதுகிறான். யோசித்துப் பார்த்தால், தப்பே செய்யாத பிள்ளைகளுக்குத்தான் இந்த வாய்ப்பெல்லாம் கிடைப்பதில்லை.

அந்த வகையில்தான் பக்கத்து வீட்டுச் சுருட்டை என்ற பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டேன். பதினேழு வயது. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் போகும் வழியில் பர்ஸைப் போட்டேன், கொண்டுவந்து கொடுத்தாள். குடையைப் போட்டேன், காயவைத்து மடித்துக் கொடுத்தாள். அவளுக்கு வேறு வழி இல்லாததால், அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது என் கைக்கடிகாரத்தை அவள் பைக்குள் வைத்தேன். அப்புறம் காணோம் என்று போலீசில் சொன்னேன். அவள் அம்மா முன்னாலேயே பையைத் திறந்து பார்த்தார்கள்.

அங்கேதான் ஒரு சிக்கல். குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்குத்தான் வட்டத்தில் நாற்காலி. ஒப்புக்கொள்ளாவிட்டால் கோர்ட். கோர்ட்டுக்குப் போனால் படிப்பு போய்விடும். நானே நேரில் போய் எடுத்துச் சொன்னேன்.

"எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன் கண்ணு. உன் கையிலயும் வாத்து குடுப்பாங்க."

"எடுக்காததை எப்படி ஆன்ட்டி எடுத்தேன்னு சொல்றது?"

பிடிவாதக்காரி. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியஸ்தர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, வட்டம் சிறுவர்களுக்கானதுதான், ஆனாலும் சுருட்டை சம்மதித்தால் உங்களையும் குற்றம் செய்தவராக உட்கார வைக்கலாம் என்றார். குற்றவாளியின் குடும்பத்தார் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். அந்த விதி எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் நான் ஒப்புக்கொண்டது சுருட்டைக்காக மட்டும்தான். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கடையை மூடிவிட்டுக் கணவர் வந்தார். உட்கார்ந்ததுமே, "அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று தொடங்கினார். மத்தியஸ்தர் அம்மா வாத்தைக் காட்டினார். இவர் வாத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

முதலில் வாத்து சுருட்டையிடம் போனது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பேசினாள்.

"அம்மா இப்பவும் நான் தூங்கின அப்புறம் என் பையைத் திறந்து பார்க்கிறாங்க ஆன்ட்டி. நான் தூங்கலைன்னு அவங்களுக்குத் தெரியாது."

அவள் அம்மா தலைகுனிந்துகொண்டார். அந்த அறையில் நான் இத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தவர் பேசுவதைக் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு வாத்து என்னிடம் வந்தது. கடிகாரத்தை வைத்தது நான்தான் என்றேன். அதைப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டதையும், தெருவில் வீடு வீடாகப் போய் நானே சொல்லப்போவதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். சுருட்டை உடனே மன்னிக்கவில்லை. யோசிக்க வேண்டும் என்றாள். அது நியாயம்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் மத்தியஸ்தர் அம்மா. கேட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார்.

வாத்தைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். சுருட்டையின் அம்மா அதை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டார். நான் வாத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, கட்டில்ல ஜன்னல் பக்கம் இனிமே நான் படுத்துக்கறேனே."