காற்று இறங்கிய சைக்கிள்

ஆவடியில் ரயில் ஏறினால் எழுபதுகளின் ஒரு மதியம் எனக்கு இன்றும் நினைவுக்கு வந்துவிடும். இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் இரண்டு தொழிலாளர்கள் எதிர் இருக்கையில் இருந்தார்கள். காக்கிச் சட்டை, மடியில் தூக்குச்சட்டி. ஜன்னலோரத்துக்காரர் திடீரென்று சொன்னார்:

“டெய்லி காலைல என் சைக்கிள் காத்தை நானே புடுங்கி உடுறேன் மச்சான்.”

“இன்னாத்துக்குப்பா?”

“என் பொண்ணு கேரியர்ல குந்திகினு இஸ்கூல் வர்ற வரைக்கும் முறுக்கு துன்னுகினே வரும். ஒடம்பு ஏறிப்போச்சு, நடக்க வையின்னாரு டாக்டரு. நீ குண்டா கீறே, நடந்து வான்னு பெத்த பொண்ணாண்ட எப்டி சொல்றது? அதான், வண்டி பஞ்சர்னு சொல்லி நானும் கூடவே நடக்கறேன்.”

“தெனமும் பஞ்சரா? அத்த நம்புதா?”

“நம்புதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். கதை பேசிகினே நடக்கறதுல முறுக்கையே மறந்துடுச்சி. மொதல்ல மூச்சு வாங்கும். இப்ப எனக்கு முன்னால ஓடுது.”

“அப்பறம் இன்னா?”

“இன்னிக்கு அசந்து தூங்கிட்டேன், காத்து புடுங்கல. அவசரமா வெளிய வந்து பாக்கறேன், ரெண்டு சக்கரமும் தரையோட கீது. நான் எப்பவும் ஒண்ணுலதான் புடுங்குவேன்.”

“யாரு வேலை?”

அம்பத்தூர் வந்துவிட்டது. அவர் எழுந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார்.

“எம் பொண்ணு இஸ்கூல் பைய மாட்டிகினு வாசல்லயே நிக்குது. ‘இன்னிக்கும் பஞ்சர் நைனா, வா, நடந்தே போலாம்’னுது.”