தலைவர் தங்குன ஊடு

உங்க டிரைவரண்ணன் போன்ல யாருகிட்டயோ சொல்லிட்டுப் போனது காதுல விழுந்துச்சுங்க மேடம். சன்னலும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஊருக்கு அக்கட்டால ஒத்தையா நிக்குது, இதுலயாடா அத்தன பெரிய தலைவர் தங்குனாருன்னு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. ஐயோ, கோவமெல்லாம் இல்லீங்க. எத்தனையோ பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, ஒருத்தருக்கும் அது தோணுனதில்ல. அண்ணனுக்குத் தோணியிருக்குது பாருங்க, அதான் சொன்னேன்.

தொறக்கறனுங்க. சாவி எங்கிட்டதான் இருக்குது. நீங்க மத்தியானந்தான் வாரதா ஆபீஸ்ல சொன்னாங்க. பரவால்லீங்க, சீக்கிரமா வந்தது நல்லதுதான். வளைவுல ஏறி வந்தது தலை சுத்துதுங்களா? எலுமிச்சங்கா இருக்குது, மோந்து பாக்கறீங்களா? வேண்டாமுங்களா. சரிங்க.

மொதல்ல இந்தக் கல்வெட்டப் பாத்துருங்க மேடம். நாளைக்கு விழாவுக்கு வார பெரியவங்க மொதல்ல நின்னு போட்டோ எடுக்கறது இங்கதான். பாசியெல்லாம் நேத்துதான் தேச்சேன். வெள்ளைக்காரர் ஆட்சியில் காவல்துறை தேடியபோது தலைவர் மலையேறி வந்து ஊர்க்கவுண்டர் இல்லத்தில் தங்கினார். அம்புட்டுதான் எழுதியிருக்குது. அதுல மலையேறி வந்தது நெசமுங்க. போலீசு தேடுனதும் நெசம்.

மீதியா?

மேடம், ஊர்க்கவுண்டர் ஊடு அதா, அந்தக் கோயிலுக்குப் பக்கத்துல பச்சப் பெயிண்ட்டு அடிச்சிருக்குதே, அது. சின்னுசாமிக் கவுண்டரோடது. அவரு பாட்டன் காலத்துலயும் அங்கயேதான் இருந்துச்சு. ஊரையே கட்டி ஆளுற மனுசன், ஊருக்கு வெளிய வந்து சன்னல் இல்லாம ஒரு ஊடு எதுக்குங்க கட்டறாரு?

டிரைவரண்ணன் டீ குடிச்சுட்டு வர நேரமாவுங்களா? ஆவுங்களா, சரி. ஆம்பளைங்க இருந்தா எனக்குப் பேச்சே வராதுங்க. காலேஜுல செமினாருன்னா அன்னிக்கு லீவு போட்டுருவேன். ராசிபுரத்துலதான் படிச்சேன், வரலாறு. சிரிக்காதீங்க மேடம், வரலாறு படிச்ச பிள்ளதான் இந்தக் கல்வெட்டுக்குப் பாசி தேய்க்குது.

இது பொம்பளைங்க ஊடுங்க. மாசமாசம் வருமில்லீங்களா, அந்த நாளுக்கு இங்கதான் வந்து இருப்போம். பிள்ள பெத்தவங்க, தீட்டுக் கழிச்சுப் பேரு வெக்கற வரைக்கும் இங்கதான். மத்த ஊருல எப்படியோ எனக்குத் தெரியாது, எங்கூருல அப்படி. ஆம்பளைங்க இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க. நெசத்தைச் சொன்னா எங்களுக்கு அது பிடிச்சுத்தான் இருந்துச்சு. தண்ணி எடுக்க வேண்டாம், களை வெட்ட வேண்டாம், மாமியா வாயில விழ வேண்டாம். கதவச் சாத்திக்கிட்டு ஊருல ஒருத்தன் விடாம எல்லாத்தையும் நக்கலடிப்போம்.

தலைவரையும் அதனாலதான் இங்க கொண்டாந்து வெச்சாங்களாம். ஊரு ஆம்பளைங்க கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, போலீசு மலையேறிருச்சு. உள்ளார பாப்பாயின்னு ஒருத்தி, பிள்ள பெத்த பச்ச ஒடம்புக்காரி. அவதான் கொரல் குடுத்தாளாம், அந்த மனுசன இங்க அனுப்புங்க, எவன் வாரான்னு நானும் பாக்கறேன்னு. போலீசு வந்தப்ப இந்த வாசப்படியில உக்காந்து பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தாளாம். கூட வந்த தலையாரியே, ஐயா அது தீட்டு ஊடு, நாம போவக் கூடாதுன்னுட்டான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க. இத எந்த ஆம்பளையும் வெளிய சொல்ல மாட்டான். இங்க வந்து உக்காந்த பொம்பளைங்க ஒருத்திக்கு ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பொறவு கவர்மெண்ட்டுல இருந்து வந்து, தலைவர் எந்த ஊட்டுல இருந்தாருன்னு கேட்டாங்க. அப்ப நான் காலேஜுல சேந்த புதுசு. கூட்டிட்டு வந்து காட்டிட்டாங்க. யாரு ஊடுன்னு அடுத்த கேள்வி. தீட்டு ஊடுன்னு எப்படிங்க சொல்லுவாங்க, அதுவும் அத்தன பெரிய தலைவர அதுல படுக்க வெச்சோம்னு? ஒருத்தன் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கறான். சின்னுசாமிக் கவுண்டருதான் டக்குனு, எங்க பாட்டன் ஊடுங்கன்னாரு. கல்லுலயே வெட்டிட்டாங்க.

ஓடு மாத்துனாங்க, சுண்ணாம்பு அடிச்சாங்க. கட்டிலு சேலத்துல வாங்குனதுங்க மேடம், உங்க ஆபீஸ்லதான் வாங்கி அனுப்புனாங்க. வாரவங்க கயித்துக்கு மேல கை நீட்டித் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. நான் என்னத்தச் சொல்லட்டும், ஆமாங்க, தலைவர் படுத்த கட்டிலுதாங்கன்னுட்டு நிப்பேன்.

விழாவன்னிக்கு எங்கூரு ஆம்பளைங்களப் பாத்திருக்கீங்களா? மாலைய வாசல்லயே குடுத்துட்டு, படிக்கு இந்தாண்டயே நின்னு கும்பிட்டுப் போயிருவாங்க. ஒருத்தன் உள்ள வர மாட்டான். மலைமக்கள் தலைவர் மேல வெச்சிருக்கற மரியாதையப் பாரீர்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. நான் அதப் படிச்சுட்டு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

நாங்க எங்க போறமா? கேட்டீங்களே, இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான். அந்தச் சில்வர் ஓக்கு மரத்துக்குப் பின்னால நீலமா தெரியுதுங்களா, தார்ப்பாயி. அதுக்குப் பேரு கொட்டாயி. இந்த ஊட்ட எடுத்த வருசம் சும்மா ரெண்டு மாசத்துக்குன்னு போட்டாங்க, அதே நெலச்சுப் போச்சு. வேற ஊடு கேக்கலாந்தான். கேட்டா, பழசு எங்கன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. பழசு இதுன்னா கல்வெட்டு பொய்யாயிரும். சின்னுசாமிக் கவுண்டரு எங்கம்மாகிட்டத் தெளிவாச் சொல்லிட்டாரு, உம் மவ வாயத் தொறந்தா அவளுக்கு வேலையும் இல்ல, உம் மவன் தோட்டத்துல மொளகு பறிக்க ஒரு ஆளும் வராதுன்னு.

எங்கண்ணன் பேரு பிரேமு. அண்ணி கலைச்செல்வி. போன வாரந்தான் பிள்ள பொறந்துச்சுங்க, பொட்டப்பிள்ள. ஆமாங்க, ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. நர்சம்மா, பிள்ள எடை கம்மி, கதகதப்பா வெச்சுக்கங்கன்னு சொல்லிச் சொல்லி அனுப்புனாங்க. ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து எறக்குனது எங்க தெரியுங்களா? அந்த நீலத் தார்ப்பாயிக்கு முன்னால.

வேண்டாம் மேடம், இப்ப அங்க போவாதீங்க. அங்க யாரும் இல்லீங்க.

ராத்திரி மழைதான் உங்களுக்கே தெரியுமே, கீழ காளப்பநாயக்கன்பட்டியிலயே கரண்டு இல்லைன்னாங்க. விடியக்காத்தால காத்துல தார்ப்பாயி ஒரு பக்கம் பிச்சுக்கிச்சு. அண்ணி கத்துனது கேட்டு ஓடியாந்தோம். எங்கண்ணன் குடையப் பிடிச்சுக்கிட்டு எட்டத்துல நிக்கறான். கிட்டப் போயி பிடிக்கவும் பயம், விட்டுட்டுப் போவவும் மனசில்ல. நனையறது அண்ணியும் பிள்ளயும், குடை அவன் தலைக்கு மேல. அழுவறான். எனக்கு ஓங்கி ஒண்ணு வெக்கலாம்னு இருந்துச்சு.

ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்கன்னு தெரியும். நானும் கேட்டேன். எங்கம்மா வாசல்ல குறுக்க நின்னுக்கிச்சு. உள்ள ஊட்டுச்சாமி இருக்குது, பேரு வெக்காத பிள்ளய எப்படிடி கண்ணு கொண்டாரதுன்னு அதுவும் அழுவுது. கெட்டவங்க இல்லீங்க மேடம். எல்லாரும் அழுதாங்க. பிள்ளைக்கு ஒதடு நீலம் பூத்துருச்சு, அப்பவும் நின்னு அழுதுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

இல்ல, இப்ப நல்லா இருக்குதுங்க. நர்சம்மாளுக்குப் போன் போட்டுட்டேன், வாரேன்னு சொல்லியிருக்காங்க. பால் குடிக்குது. இப்பத்தான் தூங்குச்சு, அதனாலதான் உங்கள இங்கயே நிக்க வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன்.

ஆமாங்க.

சாவி தேவையில்லீங்க மேடம். பூட்டு சும்மா கொண்டியில தொங்குது, தள்ளுனா தொறந்துக்கும். நாந்தான் தொறந்தேன். உள்ள போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தொறந்துட்டு ஓரமா ஒதுங்கி நின்னுக்கிட்டேன், அவ்வளவுதான். அண்ணி என்னையும் கேக்கல, எங்கண்ணனையும் கேக்கல. பிள்ளய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் படியேறி உள்ள போனாங்க. போயி, யாரும் தாண்டி வரக்கூடாதுன்னு கட்டிலுக்கு முன்னால குறுக்கால ஒரு செவப்புக் கயிறு கட்டியிருப்பாங்க பாருங்க, அத அவுத்தாங்க. இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்குமா இழுத்துக் கட்டி, பிள்ளயோட ஈரத்துணியெல்லாம் பிழிஞ்சு ஒண்ணொண்ணாக் காயப் போட்டுட்டாங்க.