படகு இறங்காத அமாவாசை

"நம்ம தாத்தாவோட அப்பா கடல்ல சாவலக்கா. சைதாப்பேட்டை கோர்ட்டுல நின்னுகினு இருந்தாரு."

பட்டினப்பாக்கம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் அவர் தம்பி சொன்னார். பக்கத்தில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை.

"இன்னாடா சொல்ற? ஆடி அமாவாசைக்கு நம்ம போட்டு கடல்ல எறங்காததே அவர கடல் கொண்டுபோச்சின்னுதான?"

"கோர்ட்டுல எடுத்துப் பாத்த பழைய கேஸ் கட்டுல கீதுக்கா. வேற பொம்பளையோட பரங்கிமலையாண்ட குடித்தனம். ஜீவனாம்சம் கேட்டு அவரு சம்சாரமே கேஸ் போட்டிருக்காங்க."

"அப்ப அந்தம்மாவுக்குத் தெரியும்."

"தெரியும். கேஸ்ல தோத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் கடல் கொண்டுபோச்சின்னு ஊருக்கெல்லாம் அவங்களே சொல்லியிருக்கணும்."

அக்கா கூடையை மடியிலிருந்து காலடிக்கும், காலடியிலிருந்து மடிக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குத்தான் அமாவாசை. போட்ட எறக்கிடட்டா?"

"வேணாம்."

"ஓடிப்போன ஆளுக்கு இன்னும் படையலாக்கா?"

"அந்தம்மா அவர சாவடிச்சி வெச்சிருக்கு. நாம எதுக்குடா எழுப்பி உக்கார வெக்கணும்?"

தம்பி அப்போதுதான் உட்கார்ந்தார்.