முத்த மைக்

நிகழ்ச்சி தொடங்க இன்னும் ஏழு மணி நேரம். மதியம் ஒரு மணி. ஆஸ்திரேலியாவில், டிராரல்கனிலிருந்து மோர்வெல் போகும் பழைய சாலை. பிப்ரவரி வெயில், அங்கே அது கோடை. வடக்கிலிருந்து அனல்காற்று. ஒரு பக்கம் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம், மறுபக்கம் காய்ந்து வெளுத்த புல். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டிகூட இல்லை...

பேய் வர நடுராத்திரி வேண்டும் என்பீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. நம் டார்சியின் சித்தி மகள் ஷெவோனுக்கு. அவள் இதை எல்லோரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பாதியில் எழுந்து வாய் கொப்பளிக்கப் போய்விடுவாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஷெவோனுக்கு வேலை மேடையில் ஒலியமைப்பது. ஒரு வருடமாக வேலை இல்லை. வாடகைக்குத் தம்பியிடம் கை நீட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் 'கார்ப்பெட் ரூம்' கூப்பிட்டது. முன்பு தரைவிரிப்புக் கடையாக இருந்து, இப்போது பாட்டு நிகழ்ச்சி நடக்கிற இடம். அந்த ஊரில் சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நடத்துகிற லிண்டன் போனில் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு ஒழுங்கா முடிஞ்சுதுன்னா குளிர்காலம் வரைக்கும் எல்லா ஷோவும் உனக்குத்தான். சொதப்பினா வந்த வழியே திரும்பிக்கலாம், கண்ணு."

வாசலில் கரும்பலகை. இன்று ரொமினா காமில்லெரி. நாளை பக்கத்து ஊர் மோவிலிருந்து மூன்று பையன்கள், பங்க் இசை. அடுத்த வெள்ளி மெல்பர்ன் குழு ஒன்று. அதற்குக் கீழே இன்னும், சாக்பீஸ் எழுத்து பலகையின் அடிவிளிம்பு வரைக்கும் போயிருந்தது. ஷெவோன் நின்று முழுதும் படித்தாள். அத்தனையும் அவளுடையதாகலாம்.

கதவைத் தள்ளினாள்.

முதலில் வாடை. புளித்த பீர். நனைந்த நாய். கழிவறையில் போடும் ரசாயன வில்லை. இரவில் இருட்டும் கூட்டமும் மறைத்துவிடும். பகலில், குழல்விளக்கில், எதுவும் மறையாது. கடைக்காரன் விட்டுப்போன கார்ப்பெட்டை யாரும் மாற்றவில்லை. இருபது வருடத்துப் பீரும் வியர்வையும் அதில் ஊறியிருந்தன. காலைத் தூக்கும்போதெல்லாம் காலணியைப் பற்றிக்கொண்டு... ப்ச் என்று விட்டது.

லிண்டன் மேடை விளிம்பில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தார். தாடியில் துகள்கள். கை குலுக்கினார். எண்ணெய் அவள் உள்ளங்கைக்கு வந்தது. பிறகு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள் ஒரு மைக்.

"இதுதான் நம்ம ராசி மைக். இங்க பாட வர்றவங்க இதுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுதான் ஆரம்பிக்கணும். வழக்கம். சுவரைப் பாரு."

சுவர் முழுக்கப் படங்கள். தாடிக்காரர்கள், சாயம் பூசிய உதடுகள், பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதே மைக்கின் வலைமூடியில் வாயைப் பதித்திருந்தார்கள். முதல் படத்தில் ஒரு பருத்த மனிதர், கழுத்தில் கிட்டார்.

"அது டெஸ். இங்க முதன்முதல்ல பாடினவன். எப்பவும் வாயில சோம்பு மிட்டாயை அடக்கிக்கிட்டு, மைக்கை முத்தம் குடுக்கிற மாதிரிதான் பாடுவான். மேடையிலயே போயிட்டான், பாவம். இதயம். அவன் ஞாபகமா ஆரம்பிச்சதுதான் இது."

"இதைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"கழுவுறதா? ராசியை யாராவது கழுவுவாங்களா?"

சிரித்தார். ஒரு துகள் பறந்து அவள் முழங்கையில் ஒட்டியது.

ஒலி வேலை பார்க்கிறவர்களுக்கு மைக்கை முகர்ந்து பார்க்கும் பழக்கம் உண்டு. சிகரெட், வெங்காயம், பீர், இதெல்லாம் எல்லா மைக்கிலும் இருக்கும். இதில் சோம்பு மிட்டாய் வாசம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்று. மெழுகுவத்திச் சுடரில் முடி பட்டால் வருமே, அந்த வாடை. ஆனாலும் முகத்தைச் சுளிக்காமல் தலையாட்டினாள். வேலை வேண்டும்.

லிண்டன் ஐஸ் வாங்கப் போனார். ஷெவோன் தனியாக இருந்தாள். மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். அந்த மைக்கின் ஒலியை முழுக்க இறக்கித்தான் வைத்திருந்தாள்.

ட்ச்.

நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ எச்சில் விழுங்கினார்கள். பிறகு ஒரு நாக்கு பற்களின் மேல் மெதுவாக, ஒவ்வொரு பல்லாக, தடவிக்கொண்டு போனது. அவ்வளவு பக்கத்தில்... அவள் காதே அந்த வாய்க்குள் இருப்பதுபோல. மேடையைப் பார்த்தாள். தாங்கியில் மைக் தனியாக நின்றது. வயரை மாற்றினாள். அப்போதும் கேட்டது. கடைசியில் வயரை மிக்ஸரிலிருந்தே பிடுங்கிவிட்டாள்.

ட்ச்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குப் போனாள். வலைமூடி ஈரமாக இருந்தது. அடியிலிருந்து ஒரு நூல் எச்சில் தொங்கியது. ஆடியது. அறுபடவில்லை.

நீராவி படிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குளிர்ந்த பொருளில்தான் நீராவி படியும். தொட்டுப் பார்த்தாள். மைக் உடம்புச் சூட்டில் இருந்தது.

காகிதத்தில் சுற்றிக் கழிவறைக்கு எடுத்துப் போனாள். மூடியைத் திருகிக் கழற்றி, குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு மஞ்சள். பிறகு வலையின் ஒரு கண்ணிலிருந்து எள்ளளவு ஏதோ பிதுங்கியது. வெளிறிய இளஞ்சிவப்பு. நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தோல். அதில் நெருக்கமாக, மெல்லிய கோடுகள்... உங்கள் விரலால் உங்கள் உதட்டைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று.

ஷெவோன் அங்கேயே வாந்தியெடுத்தாள். தொட்டியைக் கழுவினாள். கையை முழங்கை வரைக்கும் கழுவினாள். மூடியைக் கை உலர்த்தும் எந்திரத்தின் சூடான காற்றில் உலர்த்தித் திருகி, மைக்கைப் புதுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மேடைக்குத் திரும்பினாள். பாதி வழியில் காகிதத்தைத் தாண்டி உள்ளங்கைக்கு ஈரம் வந்துவிட்டது.

நான்கு மணிக்கு ரொமினா வந்தாள். அதற்குள் ஷெவோன் மைக்கைத் தாங்கியில் வைத்து, வயரை மறுபடி மிக்ஸரில் செருகியிருந்தாள். இருபத்திரண்டு வயது. தனியாகப் பாடி, தானே கிட்டாரும் வாசிப்பவள். பதினாறு வயதில் இதே மேடையில் மற்றவர்களோடு சேர்ந்து பாடியிருக்கிறாள், அந்தப் படமும் சுவரில் இருந்தது. சொந்தப் பெயரில் இதுதான் முதல் நிகழ்ச்சி. மால்டாக்காரக் குடும்பம், அத்தை மாமா எல்லோரும் இரண்டு வேன் பிடித்து வருகிறார்களாம்.

"லிண்டோ, இன்னும் இந்தக் கார்ப்பெட்டை மாத்தலையா? போன தடவை என் ஷூ இங்கயே குடித்தனம் பண்ணப் பார்த்துச்சு."

"அதை எடுத்தா கட்டடமே விழுந்துடும், பொண்ணே."

ரொமினாவின் ஆம்ப்ளிஃபையர் பழசு. போட்டதும் ங்ங்ங்... என்று இரைந்தது. மெதுவான பாட்டுக்காரி, அந்த இரைச்சலோடு பாட முடியாது. லிண்டன் மேடைக்கு அடியில் கையை விட்டு ஒரு குட்டி வயரை எடுத்தார். மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தன. எர்த் காலை யாரோ வெட்டியிருந்தார்கள். இப்படி ஒன்று எல்லா இடத்திலும் எங்கேயாவது ஒளிந்திருக்கும். எர்த்தை எடுத்துவிட்டால் இரைச்சல் போய்விடும். உள்ளே ஏதாவது பழுது இருந்தால் கிட்டார்க் கம்பிக்கு மின்சாரம் வரும், அவ்வளவுதான். ஷெவோனுக்கு அது தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன, பாடம் எடுக்கப் போறியா?" என்றார் லிண்டன். "இருபது வருஷமா இதான் ஓடுது."

பலகையில் இருந்த பெயர்களை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

வயரைப் போட்டார். இரைச்சல் நின்றது.

அந்த அமைதியில் ஸ்பீக்கரிலிருந்து... இரண்டு உதடுகள் மெதுவாகப் பிரியும் சத்தம். பிறகு மூச்சு. உள்ளே இழுத்துக்கொண்டே போகிற மூச்சு.

"யாரு அது, தூங்கி எழுந்த மாதிரி?" ரொமினா சிரித்தாள்.

"மைக்குக்கே ஆசை வந்துடுச்சு," என்றார் லிண்டன். போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார். "வெளிச்சம் நல்லாருக்கு, இப்பவே முத்தத்தைக் குடுத்துடு. கிட்டார் இருக்கட்டும். கம்பியைப் பிடிச்சுக்கோ. கண்ணை மூடு. இன்னும் கிட்ட..."

ரொமினா இடக்கையால் கம்பிகளைப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

எதிரே இருந்து ஷெவோன் பார்த்தாள். வலைமூடி உள்ளிருந்து புடைத்தது. இரும்பு வலை, சதை போல, மெல்லக் குவிந்தது. நடுவில் ஈரமான ஒரு பிளவு. அது ரொமினாவின் வாயை நோக்கி நீண்டது...

முதன்மை சுவிட்ச் மிக்ஸருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. ஷெவோன் அதைக் கீழே இழுத்தாள்.

ஜன்னல் இல்லாத இடம். விளக்கு, விசிறி, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் செத்தன. கரி இருட்டு. கட்டடத்தில் ஒரு துளி மின்சாரம் இல்லை.

அந்த இருட்டில், செத்த ஸ்பீக்கர் வழியாக, நிதானமாக, ஈரமாக ஒரு முத்தம்.

பிறகு சோம்பு வாசம்.

லிண்டன் கத்தினார். "என்ன பண்ணிட்ட? எட்டு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க! உனக்கு இங்க வேலை கிடையாது, கிளம்பு!"

"கிளம்புறேன். ஒரு நிமிஷம்," என்றாள் ஷெவோன். "ரொமினா, கிட்டாரைக் கழட்டிக் கீழ வை. எதையும் தொடாதே."

பையிலிருந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்தாள். சுவிட்சை மேலே தள்ளினாள். விளக்கு வந்தது. மீட்டரின் ஒரு முனையைக் கிட்டார்க் கம்பியில் வைத்தாள். மறு முனையை வலைமூடியில் வைத்தாள். எண்ணை ரொமினா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

இருநூற்று முப்பத்தெட்டு.

சுவர்ப் பிளக்கில் வருகிற முழு மின்சாரம். ஒரு கை கம்பியில், வாய் மைக்கில்.

ரொமினா மீட்டரையே பார்த்தாள். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கழுத்தில் கிட்டாரோடு இருந்த பருத்த மனிதரை.

"லிண்டோ. டெஸ் இதயத்துலதான் போனாரா?"

"டாக்டர் அப்படித்தான் எழுதினாரு."

"நீங்க என்ன பார்த்தீங்க?"

லிண்டன் அந்தக் கார்ப்பெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தாடியில் இன்னும் துகள்கள் இருந்தன.

"அன்னிக்கும் இரைச்சல்," என்றார். "மறுநாளும் ஒரு ஷோ இருந்துச்சு. பலகையில எழுதியாச்சு. என்கிட்ட வேற மைக் இல்லை. நல்லாத்தான் துடைச்சேன்... துணி வெச்சு, நல்லாத்தான் துடைச்சேன்."

"எதைத் துடைச்சீங்க?" என்றாள் ஷெவோன்.

ரொமினா புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பதினாறு வயதில் கொடுத்த முத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எதைத் துடைச்சீங்க, லிண்டன்?"

"கரண்டை அணைச்சுட்டு நாலு பேரா டெஸ்ஸைப் பின்னால இழுத்தோம்," என்றார். "அவன் வந்துட்டான்... உதடு வரலை."