நூற்றுப் பதிமூன்றாவது புகார்

— குடையை அந்த மாடல் மேல வைக்காதீங்க சார். அது நம்ம பூங்காவை நாங்க மாத்திக் கட்டப்போற மாதிரி. நாலு பெஞ்சும் ஒரு சறுக்குமரமும் அடியில நசுங்குது.

— மன்னிச்சுக்கோங்க என்ஜினியரம்மா. மேஜையில வேற இடமே இல்லையே.

— சரி, சறுக்குமரத்துக்குப் பக்கத்துல ஓரமா வைங்க. ஃபவுண்டன் நின்னு இருபத்து மூணு நாள் ஆச்சு. பூங்காவுல சொட்டுத் தண்ணி தெறிக்கலை. இன்னும் எதுக்குக் குடை?

— பழக்கம்தான். ஆமா, இந்த மாடல்ல ஃபவுண்டன் எங்க?

— இல்லை.

— இல்லைன்னா?

— எடுத்தாச்சு. நடுவுல புல்தரை. உங்க நூத்திப் பன்னெண்டு புகாருக்கும் சேர்த்து ஒரே பதில். சந்தோஷம்தானே?

— யாரு உங்களை எடுக்கச் சொன்னது?

— சார், இந்த ஃபைலைக் கொஞ்சம் தூக்குங்க. முடியலையா? எனக்கும் முடியலை. பதினோரு வருஷமா எதிர்வீட்டு மாடியில உட்கார்ந்து நீங்க எழுதினது. முதல் புகார், தண்ணி ரொம்ப உயரமாப் பீய்ச்சுது, காத்தடிச்சா நடைபாதையில போறவங்க நனையறாங்க.

— அது நியாயம்தானே. தண்ணி எவ்வளவு உயரம் போகுதோ, தொட்டி விளிம்பு அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்கணும். படிச்சவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?

— உயரத்தைக் குறைச்சோம். அடுத்த வாரமே ரெண்டாவது புகார். குழாய் ஒழுகுற மாதிரி சொட்டுச் சொட்டா சத்தம், தூக்கம் வரலை. அழகா இருக்கட்டும்னு ஃபவுண்டனுக்குப் பச்சை விளக்கு போட்டோம். உங்க படுக்கையறைச் சுவர் பச்சையாத் தெரியுதுன்னு எழுதினீங்க. காத்தடிச்சா தானா அடங்குற கருவி வச்சோம். ஃபவுண்டன் வேலை நேரத்துல ஓய்வெடுக்குதுன்னு எழுதினீங்க.

— ஒரு பேச்சுக்கு எழுதினதும்மா அது.

— எட்டுத் தடவை வரைபடத்தை மாத்தினேன். கடைசியில மேலதிகாரி, 'அந்த எதிர்வீட்டு மனுஷன் நிம்மதியா இருக்கட்டும், எடுத்துடுங்க'ன்னுட்டார். இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கையெழுத்து. நாளைக்குக் காலையில இடிக்க ஆள் வருது.

— இடிக்கக் கூடாது.

— காரணம்?

— ஒரு பேச்சுக்குச் சொல்றேன், குருவி இருக்கு. தண்ணி குடிக்க அதுங்க எங்க போகும்?

— அறுபத்தேழாவது புகார். குருவி வந்து கத்துது.

— சரி, குருவியை விடுங்க. பூங்கான்னா நடுவுல ஒண்ணு வேணாமா? நாலு வாசல்லருந்து நாலு பாதை வருது. எதைப் பாத்து வரும், புல்லையா? பேச விஷயம் இல்லாத ரெண்டு பேரு பெஞ்சுல உட்கார்ந்தா, பாக்கறதுக்காவது தண்ணின்னு ஒண்ணு இருக்கும். ரோட்டு வண்டிச் சத்தமும் காதுல விழாது.

— இதையேதான் பதினோரு வருஷம் முன்னாடி நான் கூட்டத்துல சொன்னேன். எழுந்து நின்னு எதிர்த்தது நீங்க ஒருத்தர்தான்.

— அப்போ புரியலை.

— இப்போ என்ன புரிஞ்சுது? மணி நாலேகால் ஆகுது சார். உள்ளதைச் சொல்லுங்க.

— கதவைச் சாத்திக்கலாமா?

— சாத்துங்க.

— சாயங்காலம் ஆனா நானும் வீட்டுக்காரியும் பால்கனியில உட்காருவோம். அவ துணி மடிப்பா. நான் சும்மா இருப்பேன். சும்மான்னா, வாய் சும்மா இருக்காது. ஃபவுண்டன் சத்தத்துல அவளுக்குக் கேட்காதுன்னு, மனசுல உள்ளதெல்லாம் முணுமுணுத்துடுவேன்.

— திட்டுவீங்களா?

— அதுவும் இருக்கும். சாப்பாட்டுல உப்பு இல்லை, உன் அண்ணன் ஒரு அரைவேக்காடு. அதோட நின்னா பரவாயில்லையே.

— வேற என்ன?

— இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கு. முழங்கால் வலியை மறைச்சுக்கிட்டு மாடி ஏறுறே, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. இந்த மாதிரி. முகத்துக்கு நேரா சொல்லணும்னா எனக்கு நாக்கு எழும்பாதும்மா. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்லை.

— நாங்க மோட்டாரை நிறுத்திட்டோம்.

— சொல்லாமக் கொள்ளாம. பாதி வாக்கியத்துல இருக்கேன், பொசுக்குன்னு நின்னுடுச்சு. அவ திரும்பிப் பாத்தா. அன்னைக்கு மூடின வாய்தான், இன்னும் திறக்கலை.

— என்ன வாக்கியம்?

— அது எதுக்கு உங்களுக்கு?

— சரி, கேக்கலை. பாருங்க, ஒரு வழி இருக்கு. புகார் நிலுவையில இருந்தா எதையும் இடிக்கக் கூடாதுன்னு விதி. உங்களோடது எல்லாத்தையும் நானே முடிச்சு வச்சுட்டேன். புதுசா ஒண்ணு வந்தா கையெழுத்து நிக்கும்.

— இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? காகிதம் குடுங்க. ஃபவுண்டன் ஓடலைன்னு எழுதறேன்.

— நீங்க எழுத முடியாது. ஒரே ஆள் நூறு புகாருக்கு மேல குடுத்தா வாங்கக் கூடாதுன்னு போன மாசம் உத்தரவு.

— யாரை மனசுல வச்சு அப்படி ஒரு உத்தரவு?

— உங்களைத்தான். உங்களுக்கு அடுத்தபடியா இருக்கறவர் மொத்தம் நாலு குடுத்திருக்கார். பூங்காவை ஒட்டிக் குடியிருக்கற வேற யாராவது குடுக்கணும். உங்க வீட்டம்மாவே போட்டா என்ன?

— அவளா? ஏன் எதுக்குன்னு கேப்பாளே. நான் என்னன்னு சொல்றது?

— இருங்க, யாரோ தட்டறாங்க. யாரது?

— பூங்கா என்ஜினியர் ரூம் இதுதானேம்மா? உள்ள வரலாமா?

— என்ஜினியரம்மா, அது என் வீட்டுக்காரி. வெளியே போக வேற வழி இருக்கா?

— இல்லை. அந்த வரைபட அலமாரிக்குப் பின்னாடி போய் நில்லுங்க. மூச்சு விடாதீங்க... வாங்கம்மா, உட்காருங்க.

— உட்கார நேரமில்லைம்மா. நான் பூங்காவுக்கு எதிர்வீடு. எங்க வீட்டுக்காரரை உங்களுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்.

— கொஞ்சம் தெரியும்.

— கொஞ்சமாத் தெரிய வழியில்லை. அது கிடக்கட்டும். இந்தாங்க, புகார். ஃபவுண்டன் ஓடலை.

— காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டிருக்கீங்களே.

— காரணத்தை என்னன்னு எழுதறது? இருபத்து மூணு நாளா அவர் வாயே திறக்கலை. வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி கிடக்கு.

— வாயை மூடினா நிம்மதின்னு சொல்றவங்களைத்தான் நான் பாத்திருக்கேன்.

— நானும் ஒரு காலத்துல சொன்னவதான். அது கிடக்கட்டும். தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேட்காதுன்னு அவருக்கு ஒரு தைரியம். பதினோரு வருஷமாப் பேசினார்.

— உங்களுக்குக் கேட்டுதா?

— ஒரு வார்த்தை விடாம. எங்களுக்கு நடுவுல ஒரு துணிக்கூடைதானே இருக்கு. எங்க அண்ணனைச் சொன்னதும் கேட்டுது.

— அப்புறம் ஏன் காட்டிக்கவே இல்லை?

— காட்டினா நிறுத்திடுவாரே. அந்த நீல உடுப்பு நைஞ்சு போச்சும்மா. தூக்கிப் போடலாம்னு எடுக்கறப்பல்லாம் அவர் சொன்னது ஞாபகம் வரும், மறுபடி மடிச்சு வச்சுடுவேன். மோட்டார் நின்ன அன்னைக்கு, 'நீ மட்டும் இல்லைன்னா நான்'னு ஆரம்பிச்சார். மீதியைக் கேட்கத்தான் திரும்பினேன். பேயைப் பாத்த மாதிரி எழுந்து உள்ள போயிட்டார். அங்க என்ன விழுந்துது?

— வரைபடம்மா. சுருட்டி வச்சது அப்பப்போ விழும்.

— நல்லாக் கனமா விழுது. அது கிடக்கட்டும். நானும் முகத்துக்கு நேரா எதையும் சொல்றவ இல்லை. சொல்ல வந்திருந்தா, உங்க முணுமுணுப்பைக் கேட்கத்தான் நாலு துணியை ஒரு மணி நேரமா மடிக்கிறேன்னு எப்பவோ சொல்லியிருப்பேன்.

— இப்பவாவது சொல்லலாமே?

— மாட்டேன்மா. நீங்க தண்ணியைத் திறந்து விடுங்க. எனக்குக் கேட்கலைன்னே அவர் நெனைச்சுக்கட்டும்.

— புகாரை ஏத்துக்கிட்டேன். நூத்திப் பதிமூணு. ஆறு மணிக்கு மோட்டார் ஓடும். ஆனா புகாரை முடிச்சு வைக்க மாட்டேன். நான் இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் இது நிலுவைதான்.

— ரொம்ப நல்லதும்மா. நான் முன்னாடி போறேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு அந்த வரைபடத்தையும் வீட்டுக்கு அனுப்பி வைங்க. சறுக்குமரத்துக்குப் பக்கத்துல இருக்கற குடையையும் மறக்காம எடுத்துக்கச் சொல்லுங்க, அதோட பிடிக்குப் பச்சை டேப் சுத்திக் குடுத்ததே நான்தான்.