லோகேஸ்வரனின் முதல் வெல்டிங் மிஷின்

வெயில் காலத்தில் நகரியில் பகலில் தூங்குவது கஷ்டம் சார். எனக்கு வேறு வழியும் இல்லை. இரவெல்லாம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவன் நான். நான் தலையணையில் தலை வைக்கிற நேரத்தில் ஊர் எழுந்துகொள்ளும். அதிலும் எங்கள் சுவரை ஒட்டியே பழனியின் விசைத்தறி ஷெட். தறி ஓடினால் எங்கள் வீட்டுத் தட்டு தம்ளரெல்லாம் ஆடும். எறும்பு ஊர்ந்தாலே விழித்துக்கொள்கிற உடம்பு எனக்கு. மத்தியானம் மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லி மரியாதையாகத்தான் கேட்டேன்.

"முனிரத்தினம் அண்ணா, நீ தூங்கறதுக்காவ நான் தறிய நிறுத்தினா, நூல் குடுத்தவன் வந்து எனக்குத் தாலாட்டுப் பாடுவானா?" என்றான் பழனி.

என் மனைவி கன்னிகா அவனிடம்தான் தறி ஓட்டுகிறாள். அவளும் அவன் கட்சி. "தறி நின்னா கூலிய எங்க நைனாவா குடுப்பாரு? காதுல பஞ்ச வச்சிக்கினு படு."

நான் கோபப்படவில்லை. கோபம் தூக்கத்தைக் கெடுக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கன்னிகாவின் தம்பி லோகேஸ்வரன் ஒரு பழைய ஆட்டோவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். அதை இட்லி வண்டியாக மாற்றித் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் போடப் போகிறானாம். வெல்டிங்கைச் செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தான். மிஷின்தான் பாக்கி. நான் ஒரு காலத்தில் ரேணிகுண்டா வெல்டிங் பட்டறையில் இரும்பு சுமந்தவன் என்பதால், அதை வாங்க என்னையும் திருப்பதிக்குக் கூட்டிப்போனான்.

கடைக்காரர் நல்ல மனிதர். கைப்பெட்டி அளவு இன்வர்ட்டர் மிஷின் ஒன்றை எடுத்து வைத்தார். "அன்னா, வூட்ல வண்டி வேலைக்கு இதே சாலு, போதும். வூட்டு கரண்ட்லயே ஓடும். மெல்லிசு தகடு பொத்தல் ஆவாது."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அது எனக்கும் தெரியும்.

மூலையில் பழைய செம்புச் சுருள் மிஷின் ஒன்று கிடந்தது. தொட்டியில் வாய் வைத்த எருமை மாதிரி கரண்டை உறிஞ்சுகிற வகை. பட்டறையில் அதைப் போட்டால் அக்கம்பக்கத்தில் பல்பு மங்கும், மோட்டார்கள் முனகிக்கொண்டே நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கும் பழனி ஷெட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் லைன் வருகிறது.

"லோகு, அது பொம்மைடா. மிஷின்னா இதான்," என்றேன்.

"மாமா சொன்னா சரி," என்றான். தங்கமான பையன்.

மறுநாள் அவன் வெல்டிங் ராடை இரும்பில் வைத்ததும் தறிகள் நின்றன. மூன்றாம் வீட்டில் கடுகு பொரிவது கேட்டது. அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள்.

கெடுதல் என்று பார்த்தால் கொஞ்சம் இருக்கிறது. பழனியின் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கருகின. கன்னிகாவுக்குக் கூலி பாதியாகக் குறைந்தது. வண்டித் தகடெல்லாம் பொத்தல்.

"மாமா, இது இட்லி வண்டியா, இட்லித் தட்டா?"

"ஆவி போவ வழி வாணாமாடா?"

கடைசியில் அவன் மனம் வெறுத்து, மிஷினை விற்றுவிடலாம் என்று சந்திரகிரிக்கு ஆள் பார்க்கப் போனான். அன்றைக்கென்று பழனி கடன் வாங்கி கருகின எல்லா மோட்டாருக்கும் புதுக் கம்பிக் காயில் கட்டிக் கொண்டுவந்து, எல்லாத் தறியையும் ஒன்றாக ஓட்டினான். கன்னிகாவும் அங்கேதான் இருந்தாள். வாசலில் நானும் மிஷினும் மட்டும்.

ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டால் உடனே பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் லைனில் இருக்கிற கரண்டையெல்லாம் மிஷின் குடித்துவிடும். பட்டறையில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. நான் ராடை ஆட்டோவின் சட்டத்தில் நன்றாக ஒட்ட வைத்தேன். பிடியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். பழனியின் தறியை நான் விரலால் கூடத் தொட்டதில்லை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பத்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டதாம். தெருவே என் வாசலில் கூடிக் கத்தியதாம். கன்னிகா ஒரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றினாளாம். இருக்கலாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை சார்.